சர்க்கரை தானாகக் குறைகிறதா? கவனம் தேவை

செட்டிகுளம் பக்கத்து வெங்காய வியாபாரியானாலும் சரி, அரியலூர்க் கடைவீதி மளிகைக்காரரானாலும் சரி, நம்மவர்களிடையே அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "இருபது வருஷமா சுகர். இப்ப பாதி மாத்திரையிலேயே கட்டுக்குள்ள நிக்குதுண்ணே!" நாமும் பாராட்டிவிட்டு நகர்கிறோம்.

சாப்பாடும் உழைப்பும் மாறாமல் இருக்க, சர்க்கரை மட்டும் இறங்கினால் சிறுநீரகத்தையும் சோதித்துவிட வேண்டும். ஊசியில் போடும் இன்சுலினில் பெரும் பங்கைச் சிதைத்து அகற்றுவது சிறுநீரகமே. அது பழுதுபட்டால் இன்சுலினும், கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் உடலில் நெடுநேரம் தங்கிவிடும். நேற்று வரை சரியாயிருந்த மருந்தளவே இன்று மிகையாகிவிடும்.

மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை அளப்பது அது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். சிறுநீரக நோய் முற்றியவர்களுக்கு அந்த ஆயுள் குறைகிறது. இரத்தம் ஊற ஊசி போட்டாலோ, இரத்தம் ஏற்றினாலோ புது அணுக்கள் சேர்கின்றன. ஆகவே உண்மையைவிடக் குறைவான எண் வரலாம். தவிர, ஒரு நேரம் 60, ஒரு நேரம் 280 என்று ஏறி இறங்குபவருக்கும் சராசரி ஒழுங்காகவே தெரியும். ஐந்தொகையில் இலாபம் இருந்தாலும், கல்லா என்றைக்குக் காலியானது என்பது தினசரிச் சிட்டையில்தானே தெரியும்!

அந்தச் சிட்டைதான் விரல் நுனி இரத்தச் சோதனை. வெறும் வயிற்றில், சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கும் முன் என்று எத்தனை முறை பார்ப்பது என்பதை மருத்துவர் சொல்வார். டயாலிசிஸ் செய்பவர்கள் அந்த நாளின் எண்களைத் தனியே குறிக்க வேண்டும். நேரம், சாப்பாடு, மருந்து மூன்றையும் பக்கத்திலேயே எழுதி, நோட்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சந்தை நாளில் மதியச் சாப்பாடு மூன்றரைக்குத் தள்ளிப்போகிறதே, நமக்கு ஆபத்து அங்கேதான். வியர்வை, நடுக்கம், காரணமில்லாமல் வாடிக்கையாளரிடம் எரிச்சல் என்றால் உடனே சோதியுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைச் சிறிது தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இளநீரும் ஆரஞ்சுச் சாறும் வேண்டாம். அவற்றிலுள்ள பொட்டாசியம் பழுதான சிறுநீரகத்துக்கு ஆகாது. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும். கடைப் பையன்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

கால் வீங்கட்டும், பார்க்கலாம் என்றிருப்பது தவறு. வீக்கம் பெரும்பாலும் தாமதமாகவே வரும். இரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் அல்புமின் இரண்டையும் ஆண்டுக்கொரு முறையாவது பாருங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அரியலூரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. மூட்டை தூக்கி இடுப்பு வலிக்கிறதென்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளின் பெயரையும் அந்த நோட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். சிறுநீரகத்தைக் கெடுப்பதில் அவற்றுக்கும் பங்குண்டு.