வளைக்குள் மறைந்த பகை

மத்திய ஆசியாவில், இன்றைய துருக்மேனிஸ்தான் நாட்டின் பெரும்பகுதியில் பரந்து கிடப்பது காராகும் பாலைவனம். அதன் தென்கிழக்கே மூர்காப் என்னும் ஆறு பாய்ந்து, கரையோர நிலங்களை வளமுறச் செய்கின்றது. அவ்வளத்தை நாடிப் புதிதாக அங்கே குடியேறியவர்களை ஒரு நோய் வருத்தியது. கோடையில் முகத்திலும் கைகால்களிலும் சிறு பருக்கள் தோன்றும். அவை புண்ணாகிப் பல மாதங்கள் ஆறாதிருக்கும். ஆறிய பின்னரும் அவற்றின் வடு வாழ்நாள் முழுவதும் நீங்காது.

இப்புண்ணுக்குக் காரணம் யாது? 1898-ஆம் ஆண்டில் தாஷ்கண்டு நகரில் போரோவ்ஸ்கி என்னும் மருத்துவர் இதனை ஆராய்ந்தார். கண்ணுக்குப் புலனாகாத ஓரணு உயிர்களே புண்ணை உண்டாக்குகின்றன என்று அவர் கண்டறிந்தார். லீஷ்மேனியா என்று இன்று வழங்கப்பெறும் ஒட்டுண்ணிகளே அவை. கொசுவினும் சிறிய மணல் ஈ கடிக்கும்போது அவை மனிதர் உடலில் புகுகின்றன என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று.

ஆயினும், ஒரு வினா எஞ்சி நின்றது. ஊரும் வீடும் இல்லாத வெறும் பாலையில் தங்கியோரையும் இந்நோய் பற்றியது. நோயாளர் எவரும் இல்லாத இடத்தில் ஈக்கு ஒட்டுண்ணி எங்கிருந்து கிடைத்தது?

சில நோய்கள் மனிதன் அடிவைக்கு முன்னரே காட்டுயிர்களிடையே நிலைபெற்றுள்ளன என்னும் கொள்கையை, 1939-ஆம் ஆண்டில் பாவ்லோவ்ஸ்கி என்னும் அறிஞர் வெளியிட்டார். 1941-ஆம் ஆண்டில் லாத்திஷேவ், குரியூக்கோவா என்னும் இருவர் மூர்காப் ஆற்றுப்பகுதியில் செய்த ஆராய்ச்சி, அவ்வினாவிற்கு விடை தந்தது. நம் நாட்டு வெள்ளெலிக்கு உறவான பெரிய பாலை எலியே அவ்வொட்டுண்ணியின் உறைவிடம்! அதன் காதுமடலின் தோலில் ஒட்டுண்ணி தங்கி வாழ்கின்றது.

அவ்வெலி தோண்டும் வளையோ பல வாயில்களும் அறைகளும் உடையது. மேலே மணல் நெருப்பெனக் கொதிக்கும்போதும் உள்ளே குளிர்ச்சியும் ஈரமும் நிலவும். அங்கேயே மணல் ஈக்கள் முட்டையிட்டுப் பெருகுகின்றன, எலியின் குருதியை உண்கின்றன, ஒட்டுண்ணியையும் பெறுகின்றன. இருள் சூழ்ந்ததும் வெளியே பறந்து, அருகில் உறங்கும் மனிதரைக் கடிக்கின்றன.

காரணம் விளங்கியபின் காக்கும் வழியும் புலனாயிற்று. மணல் ஈ நெடுந்தொலைவு பறக்கவல்லதன்று. ஆதலின், குடியிருப்புகளைச் சுற்றிச் சில கிலோமீட்டர் தொலைவுவரை நஞ்சு கலந்த தானியம் இட்டு எலிகளை ஒழித்தனர். வளைகளை ஆழ உழுது அழித்தனர். அவ்விடங்களில் நோய் பெரிதும் குறைந்தது. எனினும், காவல் தளர்ந்தால் எலிகள் மீண்டும் வந்து குடிபுகும். அந்நோயும் உலகில் இன்னும் முற்றும் ஒழிந்திலது.

பாலை எலி மனிதனை நாடி வந்து தீங்கு செய்யவில்லை; அது வாழும் இடத்திற்கு மனிதனே சென்றான். புதுநிலத்தைத் திருத்தப் புகுவோர் மண்ணின் வளத்தை மட்டும் ஆராய்ந்தால் போதாது. அம்மண்ணில் முன்பே வாழும் உயிர்களின் இயல்பையும் அறிந்துகொள்ளுதல் வேண்டும். அவ்வறிவே குடியேறுவோரைக் காக்கும் அரண் ஆகும்.