புண்ணின் அருகே ஒரு ஸ்கேல்



சர்க்கரை வியாதியாலோ தொழுநோயாலோ உணர்விழந்த பாதத்தில் உண்டான புண்ணைப் படம் எடுக்கும்போது, அதன் ஓரத்தில் சிறிய ஸ்கேல் ஒன்றையும் வைப்பார்கள். அது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. படத்துக்குத் தானாக அளவு தெரியாது. மிளகளவு கொப்புளமும் உள்ளங்கையளவு புண்ணும் படத்தில் ஒன்றுபோல் நிற்கக்கூடும். ஊரிலிருக்கும் தகப்பனாரின் காலைக் கைப்பேசியில் படமெடுத்து மருத்துவருக்கு அனுப்பும் பிள்ளைகள் இன்று அநேகர். ஆகவே இதைச் சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்.

கணக்கு பள்ளிக்கூடத்து விகிதக் கணக்குதான். ஸ்கேலில் 2 செ.மீ. என்பது படத்தின்மேல் அளந்தால் 3 செ.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் படத்தில் 6 செ.மீ. நீளமும் 4.5 செ.மீ. அகலமும் உள்ள புண், உண்மையில் 4க்கு 3 செ.மீ. பெருக்கினால் 12. புண் முட்டை வடிவமானால் அதை மறுபடியும் 0.785ஆல் பெருக்க வேண்டும். பரப்பு ஏறத்தாழ 9.4 சதுர செ.மீ. நான்கு வாரம் கழித்து அதே புண் 3க்கு 2 ஆகியிருந்தால், பார்வைக்கு ஒரு செ.மீ.தான் குறைந்திருக்கிறது, பரப்போ பாதியாகிவிட்டது.

இந்தப் பாதி பெரிய காரியம். சர்க்கரை நோயாளிகள் 203 பேரின் பாதப் புண்களைக் கவனித்து 2003இல் வெளியான ஆய்வில், நான்கு வாரத்தில் பரப்பு ஏறத்தாழ பாதிக்குமேல் குறைந்தவர்களில் 58 சதவீதத்தினருக்கு 12 வாரத்தில் புண் ஆறியது. அப்படிக் குறையாதவர்களில் ஆறியது 9 சதவீதத்தினருக்கு மட்டுமே. சிகிச்சையை மாற்றலாமா என்று மருத்துவர் யோசிப்பது இந்த நான்காவது வாரத்தில்தான். அளவு தப்பினால் யோசனையும் தப்பும்.

ஸ்கேல் இல்லையே என்று ஒரு ரூபாய் நாணயத்தை வைப்பவர்கள் உண்டு. 1992இல் வந்த நாணயத்தின் குறுக்களவு 25 மி.மீ., 2011இல் வந்தது ஏறத்தாழ 22, 2019இல் வந்தது 20. புதியதை வைத்துப் பழையதென்று கணக்கிட்டால் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடும். வங்கி அட்டை நல்லது. எந்த வங்கியானாலும் நீளம் 85.6 மி.மீ. ஆனால் அது உடம்பில் படாதபடி சுத்தமான உறையில் இருக்கட்டும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஸ்கேலைக் கட்டில் விரிப்பின்மேல் வைத்துவிடுவது. புண் விரிப்பைவிட 5 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, கேமராவைப் புண்ணுக்கு 20 செ.மீ. அருகில் பிடிக்கிறீர்கள் என்றால், ஸ்கேல் 25 செ.மீ. தூரத்தில் இருக்கும். அருகில் இருப்பது பெரிதாகத் தெரியுமல்லவா? புண்ணின் நீளம் கால் பங்கு கூடிவிடும். பரப்பு இங்கேயும் ஒன்றரை மடங்கைத் தாண்டும். ஒரு மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் அதே தவறு நீளத்தில் 5 சதவீதமாகச் சுருங்கும். இருந்தாலும், புண்ணின் மட்டத்திலேயே, அதன் விளிம்பை ஒட்டிப் பிடிப்பதுதான் சரி.

கேமரா நேராகப் பார்க்க வேண்டும். 30 பாகை சாய்ந்தால் ஒரு பக்கத்தின் அளவு 13 சதவீதம் குறையும், 60 பாகை சாய்ந்தால் பாதியாகும்.

குதிகாலைச் சுற்றி வளைந்து போகும் புண்ணுக்குப் படம் போதாது. அதற்குச் சுத்தமான கண்ணாடித் தாளை மேலே வைத்து விளிம்பை வரைந்து, கட்டத்தாளில் கட்டங்களை எண்ணுவார்கள். புண்ணின் ஆழமும் படத்தில் தெரியாது; அதைப் பார்க்க நோயாளியை நேரில்தான் கூட்டிவர வேண்டும்.