காதுக்கு ஸ்பேர் பார்ட் கிடையாது

கல்ச்சுரல்ஸ் டிஜே நைட் முடிஞ்சு ஹாஸ்டல்ல வந்து படுத்ததும், காதுக்குள்ள 'ஙொய்ய்'னு ஒரு சத்தம் கேட்டிருக்கா? பஞ்சு வச்சு அடைச்ச மாதிரி இருந்திருக்கா? "காலைல சரியாயிடும் மச்சி"ன்னு தூங்கியிருப்பீங்க. பெரும்பாலும் சரியாகிடும். ஆனா "சரியாச்சு"ங்கிறது முழு உண்மை இல்லை. அதைப் பத்திதான் இந்தக் கட்டுரை.

உள்ளே என்ன நடக்குது?

நம்ம உள்காதுல நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு உறுப்பு இருக்கு. பேரு காக்ளியா. ஒவ்வொரு காதுலயும் அதுக்குள்ள சுமார் 15,000 உரோம செல்கள். ஒலி அதிர்வை நரம்புக்கான மின் சிக்னலா மாத்துற சென்சார் இதுதான். அதிக சத்தம் இந்த செல்களைக் களைச்சுப் போக வைக்கும்; ரொம்ப அதிகமானா கொன்னுடும். பறவைகளுக்கு இவை திரும்ப முளைக்கும். மனுஷனுக்கு முளைக்காது.

2009ல குஜாவா, லிபர்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலிகளை 2 மணி நேரம் 100 டெசிபல் சத்தத்துல வச்சுப் பார்த்தாங்க. சில வாரத்துல கேட்கும் திறன் பழைய அளவுக்கு வந்துடுச்சு. உரோம செல்களும் பிழைச்சிருந்தது. ஆனா அதிக அதிர்வெண்ணைக் கேட்கிற பகுதியில, செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகள்ல பாதி வரைக்கும் போயிருந்தது. அது திரும்பி வரலை. டெஸ்ட்ல நார்மல், உள்ளே டேமேஜ்!

இன்னொரு விஷயம். சத்தத்தால வர்ற காது கேளாமை, டிவி வால்யூமைக் குறைச்ச மாதிரி இருக்காது. முதல்ல அடி வாங்குறது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்துல இருக்கிற பகுதி. ச, ஸ, ஷ மாதிரி ஒலிகளைப் பிரிச்சு அறிய மேல் அதிர்வெண்கள்தான் வேணும். அதனால பேசுறது கேட்கும், ஆனா என்ன வார்த்தைன்னு புரியாது. கேன்டீன் கூட்டத்துல பக்கத்துல இருக்கிறவன் பேச்சே பிடிபடாது.

கணக்கு போடலாம் வாங்க

டெசிபல் ஒரு லாகரிதம் அளவு. 3 டெசிபல் கூடினா ஒலி ஆற்றல் இரண்டு மடங்கு. அதனால அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு சொல்ற விதி: 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்.

88 டெசிபல் – 4 மணி நேரம்
91 டெசிபல் – 2 மணி நேரம்
94 டெசிபல் – 1 மணி நேரம்
97 டெசிபல் – 30 நிமிடம்
100 டெசிபல் – 15 நிமிடம்

இப்போ ஒரு சின்ன சம். திறந்தவெளி மேடை. ஸ்பீக்கர்ல இருந்து 2 மீட்டர்ல 100 டெசிபல். நீங்க 8 மீட்டர் தள்ளி நின்னா? தூரம் இரண்டு மடங்கானா சுமார் 6 டெசிபல் குறையும். 2லிருந்து 4, 4லிருந்து 8. மொத்தம் 12 குறைஞ்சு 88. அதாவது 15 நிமிடம், 4 மணி நேரமா மாறுது. பத்து பைசா செலவில்லை, நாலு எட்டு பின்னாடி போனா போதும். (மூடின ஆடிட்டோரியத்துல சுவர் எதிரொலிக்கும், அதனால இவ்வளவு குறையாது.)

அடுத்தது, டோஸ் கூடிக்கிட்டே போகும். இன்டர்ன்ஷிப்ல 85 டெசிபல் ஷாப் ஃப்ளோர்ல 8 மணி நேரம் நின்னா அன்னைக்குக் கோட்டா 100 சதவீதம் முடிஞ்சது. வர்ற வழியில பஸ் இன்ஜின் சத்தத்தை அமுக்க இயர்போனை 94க்கு ஏத்தி ஒரு மணி நேரம் பாட்டு கேட்டா இன்னொரு 100. மொத்தம் 200 சதவீதம்!

இது நம்ம வேலை சம்பந்தப்பட்ட விஷயமும்தான். தறி ஓடுற ஷெட், பிரஸ் ஷாப், கம்ப்ரசர் ரூம், ஜெனரேட்டர் எல்லாமே 85ஐச் சுலபமா தாண்டும். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட மூன்றாம் அட்டவணையில, சத்தத்தால வரும் காது கேளாமையும் ஒரு தொழில்சார் நோயா இருந்தது. பல தொழிற்சாலைகள் வேலையில சேர்க்கும் முன்னாடியே ஆடியோமெட்ரி எடுக்குறாங்க.

என்ன செய்யணும்?

1. பஸ்ல, ரயில்ல வால்யூமை ஏத்தாதீங்க. வெளிச்சத்தம் உள்ளே வராத இயர்போன் போட்டா குறைஞ்ச வால்யூமே போதும்.

2. போன்ல இருக்கிற ஹெட்போன் வால்யூம் லிமிட் செட்டிங்கை ஆன் பண்ணுங்க.

3. ஃபோம் இயர்பிளக் வாங்குங்க. மெல்லிசா உருட்டி, இன்னொரு கையால காது மடலை மேலேயும் பின்னாலேயும் இழுத்து, உள்ளே விட்டு, விரியுற வரை விரலால பிடிங்க. பாதி வெளியே நீட்டிக்கிட்டு இருந்தா போட்டும் பிரயோஜனம் இல்லை. சாதாரணப் பஞ்சு பெரிசா தடுக்காது.

4. ஒரு கை தூரத்துல நிக்கிறவங்ககிட்டயே கத்திப் பேச வேண்டியிருந்தா, அந்த இடம் 85ஐத் தாண்டிடுச்சுன்னு வச்சுக்கோங்க. மீட்டர் தேவையில்லை.

5. இரைச்சல் இரண்டு நாள் ஆகியும் நிக்கலைன்னா இ.என்.டி. டாக்டரைப் பாருங்க. ஒரு காது திடீர்னு கேட்காமப் போனா அன்னைக்கே போங்க. சிகிச்சை தள்ளிப்போகப் போக பலன் குறையும்.

பாட்டை நிறுத்தச் சொல்லலை மக்களே. நாற்பது வயசுலயும் அதே பாட்டுல வர்ற வயலினைத் தெளிவா கேட்கணும்னா, இப்போ ரெண்டு பாயிண்ட் குறைச்சு வைங்க. அடுத்த கல்ச்சுரல்ஸுக்கு வர்றப்போ பாக்கெட்ல ஒரு ஜோடி இயர்பிளக், நண்பனுக்கும் சேர்த்து இன்னொரு ஜோடி!