கண்ணாடி மனையின் வெளிச்சட்டங்களுக்கு எவ்வண்ணம்?

முன்னுரை

உதகை அரசுத் தாவரவியல் பூங்காவிற்குக் கல்விச் சுற்றுலா சென்றவர் எவரும் அங்குள்ள கண்ணாடி மாளிகையை மறப்பதில்லை. எனினும் நம் நினைவில் நிற்பவை மலர்களே; கண்ணாடியைத் தாங்கும் சட்டங்கள் அல்ல. இத்தகைய கட்டடங்களின் தாயகமாகிய குளிர்நாடுகளில் நிலைமை வேறு. இங்கிலாந்தில் வீட்டையொட்டிக் கண்ணாடி மனை அமைத்து வாழ்வோர் பலர். அதன் வெளிச்சட்டங்களுக்கு எவ்வண்ணம் பூசுவது என்பது அவர்களுக்கு ஒரு மெய்யான வினா. இது சுவை பற்றிய வினா மட்டுமன்று. ஒளியியல், வெப்பவியல், வேதியியல், வரலாறு ஆகிய நான்கும் சந்திக்கும் இடம் இது. அதனைச் சுருங்கக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்ணாடி மனை தோன்றிய வரலாறு

ஆரஞ்சு, எலுமிச்சை போன்ற வெப்பநாட்டு மரங்களைப் பனிக்காலத்தில் காப்பதற்காக ஐரோப்பியச் செல்வர்கள் பெரிய சாளரங்களையுடைய கூடங்களைக் கட்டினர். 1816-இல் லௌடன் என்பவர் வளைக்கத்தக்க தேனிரும்புச் சட்டத்தை உருவாக்கினார். 1845-இல் பிரிட்டனில் கண்ணாடிமீதிருந்த வரி நீக்கப்பட்டது. மெல்லிய இரும்பும் மலிந்த கண்ணாடியும் சேரவே, கண்ணாடி மனைகள் பெருகின. 1844 முதல் 1848 வரை கியூ தோட்டத்தில் எழுந்த பனை மாளிகை இவ்வகையில் தலைசிறந்தது. டெசிமஸ் பர்ட்டன், ரிச்சர்டு டர்னர் ஆகிய இருவரின் ஆக்கம் அது.

கண் காணும் முறை

பகலில் வெளியே நின்று ஒரு கண்ணாடி மனையைப் பாருங்கள். வெளியைக் காட்டிலும் உள்ளே வெளிச்சம் குறைவு. ஆதலால் கண்ணாடி இருண்டு தோன்றும். அவ்விருண்ட பின்புலத்தில் வெள்ளைச் சட்டம் கோடு கிழித்தாற்போல் எடுப்பாகத் தெரியும். கரும்பச்சையோ கருஞ்சாம்பலோ பூசிய சட்டம் கண்ணாடியோடு கலந்து மறையும். கட்டடத்தின் வடிவைக் காட்ட விரும்புவோர் வெள்ளையை நாடுவதும், தோட்டத்தோடு அது ஒன்றிவிட வேண்டும் என்போர் கருமையை நாடுவதும் இதனாலேயே.

உள்ளே நின்று பார்த்தால் நிலை தலைகீழாகும். வானம் பின்புலமாக அமைவதால் எச்சட்டமும் இருண்டே தோன்றும். உட்புறம் வெள்ளை பூசினால் அது மனையினுள் இருக்கும் ஒளியைத் திருப்பியனுப்பி அவ்விருளைச் சற்றுக் குறைக்கும். ஆகவே வெளிப்புறத்திற்கு ஒரு வண்ணமும் உட்புறத்திற்கு மற்றொரு வண்ணமும் பூசுதல் தவறாகாது.

வெப்பத்தின் வேலை

புதிய வெள்ளைப் பூச்சு, தன்மேல் விழும் கதிரொளியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பியனுப்பும். கறுப்புப் பூச்சோ பெரும்பகுதியை உட்கொள்ளும். எனவே, வெள்ளை பூசினால் மனை குளிர்ந்திருக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. மனையின் பரப்பில் பெரும்பகுதி கண்ணாடியே. வெப்பம் புகுவதும் அதன் வழியாகவே. வெப்பத்தைக் குறைக்க வேண்டுமாயின் காற்றுப்போக்கியும் திரையும் தேவை. சட்டத்தின் வண்ணம் பாதிப்பது முதன்மையாகச் சட்டத்தையே.

ஒரு சிறு கணக்கைக் காண்போம். வெள்ளைச் சட்டத்தைவிடக் கருஞ்சட்டம் 20 பாகை செல்சியசு கூடுதலாகச் சூடேறுவதாகக் கொள்வோம். அக்கூடுதல் வெப்பத்தால் 3 மீட்டர் நீளமுள்ள இரும்புச் சட்டம் சுமார் 0.7 மில்லிமீட்டர் நீளும், அலுமினியம் 1.4 மில்லிமீட்டர் நீளும், பி.வி.சி. பிளாஸ்டிக் 4 மில்லிமீட்டருக்கும் மேல் நீளும். அதே நீளமுள்ள கண்ணாடி அவ்வளவு சூடேறினாலும் 0.5 மில்லிமீட்டர் அளவே நீளும். இவ்வேற்றுமையை நாள்தோறும் தாங்குவது கண்ணாடியைப் பிடித்திருக்கும் மக்கு ஆகும். மக்கு வெடித்தால் நீர் புகும்; நீர் புகுந்தால் இரும்பு துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட மிகுந்த இடம் கொள்வதால் கண்ணாடியை நெருக்கி உடைக்கும். ஊசியிலை மரச் சட்டங்களுக்குக் கருவண்ணம் பூசினால், வெயிலில் பிசின் கசிந்து பூச்சைக் கெடுத்தலும் உண்டு.

பழைய வெள்ளையும் புதிய வெள்ளையும்

பழங்காலக் கண்ணாடி மனைக்கு வெள்ளையே மரபு என்று பொதுவாகக் கூறுவர். அக்கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. 1851-ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காக லண்டனில் எழுந்த கிரிஸ்டல் பாலஸின் உட்புற இரும்புக்கு ஓவன் ஜோன்ஸ் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றையும் வெள்ளையால் பிரித்துப் பூசச் செய்தார். தொலைவில் அவை கலந்து மென்மையாகத் தோன்றும் என்பது அவர் கருத்து. திட்டம் வெளியானபோது எதிர்ப்பு மிகுந்தது எனினும் அவர் பின்வாங்கவில்லை.

மேலும், அன்றைய வெள்ளை இன்றைய வெள்ளையன்று. டைட்டானியம் வெள்ளை இருபதாம் நூற்றாண்டில்தான் வாணிகப் பொருளாயிற்று. அதற்கு முன்னர் ஈய வெள்ளையை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துப் பூசினர். எண்ணெய் நாளடைவில் மஞ்சளாகும். நிலக்கரிப் புகையிலுள்ள கந்தகச் சேர்மங்கள் ஈயத்தைக் கறுக்கச் செய்யும். எனவே பழைய மனையொன்றிற்கு இன்றைய பளீர் வெள்ளையைப் பூசுவது மரபைக் காப்பதாகாது. இளமஞ்சள் சாயலுள்ள வெள்ளையே அதற்கு அண்மையானது. ஐயமுள்ள இடத்தில் பூச்சின் சிறு துண்டை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், அடுக்கடுக்கான பூச்சுகள் மரத்தின் ஆண்டு வளையங்கள் போலத் தெரியும்.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. பழைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். உலர்வாகத் தேய்த்தால் எழும் தூசி நஞ்சாகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். 1921-இலேயே உலகத் தொழிலாளர் அமைப்பு ஈய வெள்ளையின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையை நிறைவேற்றியது ஈண்டு நினைக்கத்தக்கது. வண்ணம் எதுவாயினும், முதலில் ஈயச் சோதனை, பின்னரே சுரண்டல்.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலில் சட்டம் எப்பொருளால் ஆனது என்று காண்க. பிளாஸ்டிக்காயின், தயாரிப்பாளர் இசைவின்றிக் கருவண்ணம் பூசலாகாது. இரும்பாயின் துருநீக்கமும் துருத்தடுப்பு முதற்பூச்சும் மேல்வண்ணத்தைவிட முதன்மையானவை. அடுத்து, மனை எதனையொட்டி நிற்கிறது என்று நோக்குக. செங்கல் வீட்டிற்கு இளமஞ்சள் வெள்ளையும் சாம்பற்பச்சையும் பொருந்தும். வீட்டுச் சாளரங்களின் வண்ணத்தோடு முரண்படாதிருத்தல் நன்று. பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடமாயின், வண்ணத்தை மாற்ற முன்இசைவு வேண்டப்படலாம் என்பதால் உரிய அலுவலகத்தைக் கேட்டறிதல் வேண்டும். இறுதியாக, தெரிந்தெடுத்த இரண்டு மூன்று வண்ணங்களைப் பலகைகளில் பூசிச் சட்டத்தருகே நிறுத்தி, காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் மழைநாளிலும் பார்க்க வேண்டும். கடையிலுள்ள வண்ண அட்டை மிகச் சிறியது. கடை விளக்கின் ஒளியும் வேறு.

முடிவுரை

கியூ பனை மாளிகையில் தொடக்கத்தில் இளம்பச்சைக் கண்ணாடி பதித்தனர். கடுவெயில் இலைகளைக் கருக்கிவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். பின்னாளில் அதனை நீக்கித் தெளிந்த கண்ணாடியைப் பொருத்தினர். அச்சமும் அழகும் மட்டும் வண்ணத்தைத் தீர்மானித்தல் போதாது என்பதற்கு இஃது ஒரு சான்று. கண்ணாடி மனை என்பது உள்ளே வாழும் செடிக்காகக் கட்டப்படுவது. அதன் சட்டம் உறுதியாக நின்றால்தான் செடி வாழும்; சட்டத்தைக் காக்கும் பூச்சே நல்ல பூச்சு. அதன்பின், கண்ணுக்கு இனிய வண்ணத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு.