மதுவை விட்டார் நெறியும் மனத்துயர் உற்றார் நிலையும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள. இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் வேலை செய்யும் தமிழ் மக்கள் விடியற்காலையில் ஜீப்புகளில் இவ்வழியே ஏறி, மாலையில் இறங்குகின்றனர். ஜீப்பை ஓட்டுபவர் மலையுச்சியை நோக்குவதில்லை. எதிரேயுள்ள ஒரு வளைவையே நோக்குகிறார். மனத்துயரால் வாடுவோரும் இதனை ஒரு பாடமாகக் கொள்ளலாம்.

குடிநோயினின்று மீள்வோர்க்கென அமெரிக்க நாட்டு ஆக்ரன் நகரில் 1935-ஆம் ஆண்டு ஒரு சங்கம் தோன்றியது. பில் வில்ஸன், மருத்துவர் பாப் ஸ்மித் என்னும் இரு குடிநோயாளரே அதனை நிறுவினர். 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' எனப்படும் அச்சங்கத்தின் நெறி, பன்னிரண்டு படிகளாக 1939-இல் நூல்வடிவம் பெற்றது. தம் இயலாமையை ஒப்புதல், தம் பிழைகளை ஆராய்ந்து பிறரொருவரிடம் உரைத்தல், தம்மால் தீங்குற்றார்க்கு ஈடு செய்தல், தம்மைப் போன்றார்க்கு உதவுதல் என்பன அதன் சாரம். இன்று ஒரு நாள் குடியாதிருப்போம் என்பதே அவர்தம் அன்றாட உறுதி.

இந்நெறியை மனத்துயர்க்கும் கொள்ளலாமோ எனின், கொண்டவர் உளர். 1964-இல் வாஷிங்டனில் 'நியூராட்டிக்ஸ் அனானிமஸ்' என்ற சங்கமும், 1971-இல் மின்னஸோட்டா மாநிலத்தில் 'எமோஷன்ஸ் அனானிமஸ்' என்ற சங்கமும் எழுந்தன. பின்னது, முதற்படியில் மது என்ற சொல்லை நீக்கி, உணர்ச்சிகள் என்ற சொல்லை வைத்துக்கொண்டது.

நிற்க. சொல்லை மாற்றினால் மட்டும் போதுமா? மதுவை வாயிலுக்கு வெளியே நிறுத்தலாம். மனத்தை அவ்வாறு நிறுத்த இயலாது. புத்தர் வகுத்த ஐந்தாம் சீலம் மயக்கும் பானங்களை விலக்கச் சொல்கிறது. ஆனால் துக்கத்தைப் பற்றிய முதல் வாய்மையோ, அதனை நன்கு அறியச் சொல்கிறது. ஆதலின் துயருற்றார், "இனி வருந்தேன்" என்று உறுதி பூணுதல் வீண். இன்று நேரத்தில் உண்பேன், சிறிது தூரம் நடப்பேன், ஒருவரிடமேனும் மனம் திறந்து பேசுவேன் என்பதே அவர்க்கேற்ற ஒருநாள் உறுதி.

மற்றும் ஒரு வேறுபாடு உண்டு. குடிநோயாளரின் செருக்கை உடைக்க, "என்னால் இயலாது" என்ற ஒப்புதல் பயன்படும். மனச்சோர்வுற்றவரோ அதனை நாள்தோறும் தமக்குள் சொல்லிச் சொல்லியே நைந்தவர். அவர், "தனியே என்னால் இயலாது" என்று திருத்திச் சொல்லுதல் வேண்டும். அவ்வொரு சொல்லால் நல்லோர் துணைக்குக் கதவு திறக்கும். தன் பிழைகளை ஆராயும்போதும், நோயைப் பிழையெனக் கணக்கில் எழுதலாகாது. சோர்வு ஒரு குற்றமன்று. காய்ச்சல் குற்றமாகாதது போலவே.

இந்நெறி மருத்துவத்துக்கு மாற்றுமன்று. மருத்துவர் தந்த மருந்தைத் தாமே நிறுத்துதல் பெருந்தீங்கு. வாழ்வே வேண்டாமெனத் தோன்றும் வேளையில் ஒருகணமும் தனித்திருத்தல் ஆகாது; உடனே வீட்டாரையோ மருத்துவரையோ நாடல் வேண்டும். இந்திய அரசு 2022-இல் தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் இலவசத் தொலைபேசி உதவி, 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

நண்பர்களே, பதினேழு வளைவுகளையும் ஒருசேரக் கடந்தவர் எவருமிலர். எதிரேயுள்ள ஒன்றைக் கடப்போம்; அருகிருப்பவரையும் உடன் அழைத்துச் செல்வோம்.