முள் காட்டும் வெப்பம்

இராமநாதபுரத்திற்குத் தென்மேற்கே, மரகத நடராசரால் பெயர்பெற்ற உத்தரகோசமங்கை அமைந்துள்ளது. அதற்குத் தெற்கே, கடலோரத்தில் வாலிநோக்கம் உப்பளங்கள் உள்ளன. 1974ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தமிழ்நாடு உப்புக் கழகம் இங்கு உப்பு விளைவிக்கிறது. உப்பும் மீனும் ஏற்றிச் செல்லும் பழைய சரக்குந்துகளை இந்நிலம் இருவகையில் சோதிக்கிறது. உப்புக்காற்று மின்னிணைப்புகளை அரித்து முகப்புப் பலகையின் முள்ளைப் பொய்யாக்கும். உவர்நீர் எந்திரத்தையே கொதிக்கச் செய்யும். கெட்டது முள்ளா, எந்திரமா என்று பிரித்தறிவதே ஓட்டுநரின் முதல் வேலை.

எந்திரத்தின் நீர்ப்பாதையில் திருகப்பட்டுள்ள உணரியின் மின்தடை, வெப்பம் ஏற ஏறக் குறையும். மின்னோட்டம் மிகுந்து முள் உயரும். உணரியின் உலோக உடலே எந்திரத்தைத் தொட்டு மின்சுற்றை முடிக்கிறது. இதனை ஓட்டுநர்கள் ‘எர்த்’ என்பர். எந்திரத்தையும் அடிச்சட்டத்தையும் இணைக்கும் பட்டையில் துரு ஏறினால், எந்திரம் கொதித்தாலும் முள் தாழ்ந்தே நிற்கும். கம்பியின் உறை தேய்ந்து இரும்பில் பட்டாலோ, குளிர்ந்த எந்திரத்திலும் முள் உச்சிக்குத் தாவும். அப்போது உணரியிலிருந்து கம்பியைக் கழற்றிப் பார்க்கலாம். முள் இறங்காவிடில் குறை கம்பியில் உள்ளது. வெப்பமுள்ளும் டீசல் முள்ளும் ஒருங்கே பிறழ்ந்தால், இரண்டிற்கும் பொதுவான மின்வழங்கலையும் எர்த்தையும் முதலில் ஆராய்தல் வேண்டும். புதிய உணரியைப் பொருத்துவோர் கசிவுக்கு அஞ்சித் திருகுமரையில் டேப்பை மிகுதியாகச் சுற்றி, எர்த்தைத் தாமே துண்டித்துவிடுவதும் உண்டு!

இவற்றினும் கொடியது ஒன்று உண்டு. நீர் ஒழுகி உணரிக்குக் கீழே இறங்கிவிட்டால், உணரி வெறும் காற்றில் நிற்கும். முள் மெல்லத் தாழும். சூடு தணிந்ததென ஓட்டுநர் மகிழ்வார். சிலிண்டரின் தலைப்பகுதி வளைந்துபோகும் அளவிற்கு எந்திரம் அப்போது காய்ந்துகொண்டிருக்கும். ஆகவே, காரணமின்றித் தாழும் முள்ளையும் ஐயுறுதல் வேண்டும்.

நீர் குறைந்ததும் அருகில் கிடைத்த கிணற்றுநீரை ரேடியேட்டரில் ஊற்றுவது இயல்பு. உவர்நீரில் கரைந்துள்ள கால்சிய, மக்னீசிய உப்புகள் வெப்பத்தால் படிந்து மெல்லிய குழாய்களை அடைக்கும். குளோரைடு உலோகத்தை அரிக்கும். அவசரத்திற்கு, ஊருணியில் தேங்கிய மழைநீரை வடிகட்டி ஊற்றுவது அதனினும் நன்று. காய்ச்சி வடித்த நீரில் கூலன்ட் கலந்து ஊற்றுவதே முறை. சூடு தணியட்டும் என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவோரும் உளர். அடைபட்ட குழாய் அதனால் திறக்காது. விசிறியின் பெல்ட் தளர்ந்துள்ளதா என்று பார்ப்பது அதைவிடப் பயன் தரும்.

ரேடியேட்டரின் மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. வளிமண்டல அழுத்தத்தில் பாதியளவு கூடினாலே, நீரின் கொதிநிலை 110 பாகை செல்சியசைக் கடக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் நீங்கி, நீர் அக்கணமே கொதித்து ஆவியோடு முகத்தில் சீறிப்பாயும். எந்திரத்தை நிறுத்தி, மூடி கைபொறுக்கும் அளவிற்கு ஆறிய பின்னரே, தடித்த துணியைப் போர்த்தி மெல்லத் திருக வேண்டும். நீரையும் சிறிது சிறிதாகவே ஊற்ற வேண்டும். காய்ந்த வார்ப்பிரும்பில் குளிர்நீர் திடீரெனப் பட்டால் விரிசல் விடும்.