கடைமடையிலிருந்து தொடங்கும் பயிற்சி

1994 ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் கிராம சபை உறுப்பினரே. ஆயினும் தலைவர் பேச, ஏனையோர் கையொப்பமிட்டுக் கலைவதையே பல ஊர்களிற் காண்கிறோம். நாம் தலைவர்க்கு அளிக்கும் பயிற்சி வகுப்பறையோடு நின்றுவிடுவதும் இதற்கொரு காரணம்.

ஏரி வாய்க்கால் தூர்ந்திருப்பின், தலைவர் மதகிலிருந்து கடைமடை வரை நடந்து பார்த்தல் வேண்டும். தலைமடைக்காரர் அக்குறையை உணரார். கடைமடைக்காரர்க்கோ பயிரே கருகும். ஆகவே கடைமடையாரை முதலிற் பேசவிட்டுக் கேட்கப் பழகுதலே முதற் பாடம். தலைவரின் நிலம் தலைமடையில் இருந்துவிட்டாலோ, இப்பாடம் சற்றுக் கடினந்தான்! நிலத்தின் அளவுக்கேற்ப யார் எவ்வளவு நீளம் தூர்வாருவது, வராதவர் என்ன ஈடு தருவது என்பவற்றைச் சபையே முடிவு செய்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, உரக்கப் படித்தல் வேண்டும். அக்டோபர் 2 ஆம் நாள் சபை கூடுகையில், வாராது விடப்பட்ட பகுதியின் கணக்கையே முதலிற் படிக்கச் செய்வோம்.